2050க்குள் எத்தனை அழியும் என்று கேட்பவர்களுக்கு

2004 ஜனவரியில் உலகம் முழுக்க ஒரு செய்தி பரவியது: பூமி சூடாவதால் 2050க்குள் பத்து லட்சம் உயிரின வகைகள் அழிந்துவிடும். உயிரியல் ஆய்வாளர் கிறிஸ் தாமஸும் அவருடைய சகாக்களும் நேச்சர் என்ற அறிவியல் இதழில் எழுதிய கட்டுரைதான் மூலம். ஆனால் கட்டுரை சொன்னது வேறு. அவர்கள் எடுத்துக்கொண்ட 1,103 இனங்களில், நடுத்தர அளவு வெப்ப உயர்வு இருந்தால், 15 முதல் 37 சதவீதம் 2050க்குள் மீளமுடியாத அழிவுப் பாதையில் விழுந்திருக்கும் என்பதே கணக்கு. உண்மையான அழிவு அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் கழித்து வரலாம். தலைப்பு எழுதியவர்களுக்கு அந்த வித்தியாசமெல்லாம் எதற்கு?

எனக்கு அந்தத் தலைப்புகளைவிடப் பெரிய குறை, இப்படிப்பட்ட கணிப்புகள் பல செய்யப்படும் முறையில் இருக்கிறது. ஒரு விலங்கு இன்று எங்கெல்லாம் வாழ்கிறதோ அந்த இடங்களின் வெப்பம், மழை இரண்டையும் எடுத்துக்கொள்வார்கள். எதிர்காலத்தில் அதே வெப்பமும் மழையும் எங்கே இருக்கும் என்று கணினியில் பார்ப்பார்கள். எங்கேயும் இல்லையா, சரி, விலங்கும் இல்லை. ஒருவருடைய வீட்டு முகவரியைப் பார்த்து அவர் உடம்பு எவ்வளவு வெயில் தாங்கும் என்று சொல்வது போன்ற வேலை இது. ஒரு விலங்கு ஓரிடத்தில் இல்லாமல் போவதற்குப் போட்டி இனம், வேட்டை, வெட்டப்பட்ட காடு என்று பல காரணம் இருக்கும். வெயில் அதில் ஒன்று, அவ்வளவுதான்.

அமெரிக்க மலைகளில் பாறை இடுக்குகளில் வாழும் பைக்கா என்ற சின்ன விலங்கைப் பாருங்கள், முயலுக்கு உறவு. வெயிலில் நிழல் இல்லாமல் மாட்டிக்கொண்டால் 26 டிகிரி வெப்பத்திலேயே சில மணி நேரத்தில் செத்துவிடக் கூடியது. சூடான, வறண்ட சில மலைகளில் இது ஏற்கெனவே காணாமல் போய்விட்டது. ஆனால் அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கில், கிட்டத்தட்ட கடல் மட்டத்தில், பாசியைத் தின்றுகொண்டு வாழ்ந்துகொண்டிருக்கிறது! பாறைக் குவியலுக்குள்ளே குளிர்ச்சியாக இருப்பதுதான் காரணம். வானிலை நிலையம் அளப்பது வெளியில் உள்ள காற்றை. பைக்கா வாழ்வது வேறொரு வானிலையில்.

இதைவிட அழகான உதாரணம் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பக்கம் இருக்கும் மொஹாவே பாலைவனம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜோசப் கிரின்னல் என்ற விலங்கியலாளரும் அவர் குழுவும் கலிபோர்னியா முழுக்க அலைந்து, எந்த இடத்தில் எந்தப் பறவை, எந்த எலி என்று எழுதிவைத்தார்கள். இந்தக் குறிப்புகளின் மதிப்பு பல வருடம், ஒருவேளை நூறு வருடம் கழித்துத்தான் தெரியும் என்று அவரே 1910இல் எழுதியிருந்தார். (மானியம் கேட்டு இன்று ஒருவர் இப்படி எழுதினால் விண்ணப்பம் எந்தக் குப்பைத்தொட்டிக்குப் போகும் என்று தெரியும்.) நூறு வருடம் கழித்து ஆய்வாளர்கள் அதே இடங்களுக்குத் திரும்பப் போனார்கள். பறவை இனங்கள் இடத்துக்கு இடம் சராசரியாக 43 சதவீதம் குறைந்திருந்தன. சின்னப் பாலூட்டிகளோ ஏறக்குறைய அப்படியே இருந்தன. அதே பாலைவனம், அதே வெப்ப உயர்வு. ஆனால் எலிகள் பகலை வளைக்குள் கழித்துவிட்டு இரவில் வெளியே வருகின்றன. பறவைகள் வெயிலில் இருக்கின்றன, உடம்பைக் குளிர்விக்கத் தண்ணீரைச் செலவழிக்கின்றன. தண்ணீரோ குறைந்துகொண்டே போகிறது. வெறும் வெப்ப வரைபடத்தை வைத்துக்கொண்டு இதை எப்படிச் சொல்வது?

உடனே ஒரு கூட்டம் வரும்: பார்த்தீர்களா, கணிப்பெல்லாம் மிகைப்படுத்தல், பயப்பட ஒன்றுமில்லை என்று. அது இன்னும் மோசமான வாசிப்பு. தவறு மறுபக்கமும் நடக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து நெதர்லாந்துக்கு வலசை வரும் ஈப்பிடிப்பான் என்ற ஒரு சின்னப் பறவை இருக்கிறது. எப்போது கிளம்புவது என்று அதற்குச் சொல்வது உள்கடிகாரமும் பகலின் நீளமும். பூமி சூடானாலும் பகலின் நீளம் மாறாதே! ஆனால் ஓக் மரத்துப் புழுக்கள் முன்கூட்டியே வந்து முடிந்துவிடுகின்றன, குஞ்சுக்கு ஊட்ட ஒன்றுமில்லை. புழு மிகவும் சீக்கிரம் வரும் காடுகளில் இந்தப் பறவை சுமார் 90 சதவீதம் குறைந்ததாக 2006இல் ஓர் ஆய்வு வந்தது. அந்த வெப்பம் பறவையின் உடம்புக்கு ஒரு பொருட்டே இல்லை.

உடலின் இயக்கம் தெரிந்த இடத்தில் கணிப்பு நன்றாகவே பலிக்கிறது. கடலாமை முட்டை சூடான மணலில் பொரிந்தால் பெண் என்பது பழைய விஷயம். ஆஸ்திரேலியாவின் பெரிய பவளப்பாறைத் தொடரான கிரேட் பேரியர் ரீஃபின் வடபகுதிக் கடற்கரைகளில் பிறந்த இளம் பச்சை ஆமைகளில் 99 சதவீதம் பெண் என்று 2018இல் கண்டார்கள். இந்த இயக்கமெல்லாம் நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், செயற்கைக்கோளுக்கும் கணினிக்கும் போகும் பணத்தில் ஒரு பங்காவது, ஒரே காட்டில் முப்பது வருடம் உட்கார்ந்து எண்ணுபவருக்குப் போகட்டும்.

துல்லியமான கணிப்பு வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பவர்களுக்கு பிராம்பிள் கே என்ற குட்டித் தீவின் கதை. ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கினிக்கும் நடுவே டாரஸ் நீரிணையில், கடல் மட்டத்துக்குச் சில மீட்டரே மேலே உள்ள மணல் திட்டு. அங்கே மட்டும் வாழ்ந்த ஓர் எலியின் செடிகளைக் கடல் திரும்பத் திரும்ப மூழ்கடித்தது. இதைச் சொல்ல எந்தக் கணினியும் தேவையில்லை. 2008இலேயே மீட்புத் திட்டம் எழுதப்பட்டிருந்தது. கடைசியாக அந்த எலியைப் பார்த்தது 2009இல். சில எலிகளைப் பிடித்துவந்து வளர்க்கலாம் என்று 2014இல் போனவர்களுக்கு ஒன்றுகூட அகப்படவில்லை. 2019இல் ஆஸ்திரேலிய அரசு அதை அழிந்த இனமாக அறிவித்தது.