ஆடிஷன் ரூம்ல தடுமாறினா அது அந்த ரூமோட நிக்கணும்

நம்ம பக்கத்து நாடகக் குழு ஒண்ணு, ஆடிஷன்ல ஒரு பையன் வசனம் வராம தடுமாறினத வீடியோ எடுத்து, கேலியா ரீல் போட்டிருக்கு. பாண்டியிலயும் கடலூர்லயும் நாடகம்னு சுத்துற எல்லாருக்கும் வாட்ஸ்அப்புல வந்திருக்கும். மேல "ஆடிஷன் அலப்பறைகள்"னு எழுதி, சிரிப்பு எமோஜி போட்டு, பின்னாடி காமெடி மியூசிக் ஓட விட்டு. பாத்ததுலேர்ந்து மனசே சரியில்ல. நீளமா தான் எழுதப் போறேன், பொறுமை இருக்கறவங்க படிங்க.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு. ஆடிஷன் ரூம்ல ஒருத்தர் தடுமாறினா அது அந்த ரூமோட நிக்கணும். வெளிய வரக் கூடாது. நல்லா நடிச்சத கூட கேட்டுட்டு தான் போடணும், தடுமாறினத போடவே கூடாது.

அந்த ரீல்ல வர்ற பச்ச சட்டை தம்பிய எனக்குத் தெரியும். பேரு வேணாம். சிப்காட்ல நைட் ஷிப்ட் முடிச்சிட்டு, தூங்காம, கடலூர் ஓ.டி.லேர்ந்து (ஓல்ட் டவுன்) பஸ் புடிச்சு திருப்பாப்புலியூர் ஸ்டாண்டுக்கு வந்து, அங்கேர்ந்து பாண்டி பஸ் ஏறி, ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம்னு நின்னு நின்னு, அரியாங்குப்பம் டிராபிக்ல மாட்டி அங்க போய் சேந்திருக்கான். எதுக்கு? சம்பளமா குடுக்கறாங்க? நம்ம மாதிரி ஊர் நாடகக் குழுவுல சம்பளமும் கிடையாது, பஸ் காசும் கிடையாது, ரிகர்சலுக்கு டீ கெடைச்சா அதுவே பெருசு. மேடையில ஒரு தடவ நிக்கணும்ங்கற ஆசை, அவ்ளோ தான். அந்த ஆசையோட வந்த பையன ஊர் சிரிக்க வெச்சிட்டீங்க.

அங்க என்ன நடந்துச்சுன்னு ரீல்ல பாதி தான் இருக்கு. அவன் கையில அதுக்கு முன்னாடி கண்ணுல பாத்தே இராத ஒரு பக்கத்த குடுத்து, உடனே படிச்சு நடின்னு சொல்லிருக்காங்க. அதுவும் நீட்டு நீட்டு செந்தமிழ் வசனம். மூணாவது வரியில மாட்டிக்கிட்டான், திரும்ப ஆரம்பிச்சான், திரும்ப அதே எடத்துல மாட்டினான், "சாரி சார், இன்னொரு வாட்டி"ன்னான். அங்க கட் பண்ணி சிரிப்பு சத்தம். ஆனா அங்க உக்காந்திருந்த என் தோழி சொன்னது வேற. அதுக்கப்புறம் அவன் பேப்பர கீழ வெச்சிட்டு, சின்ன வயசுலேர்ந்து திரௌபதி அம்மன் கோயில் கூத்துல கேட்டு கேட்டு மனசுல ஏத்தி வெச்சிருந்த துரியோதனன் பாட்டு ஒண்ண எடுத்துப் பாடி ஆடிக் காட்டிருக்கான், ரூமே அமைதியாயிடுச்சாம். அது ஏன் ரீல்ல வரல? கேமரா அப்பவும் ஓடிக்கிட்டு தானே இருந்துச்சு?

பாக்காத பேப்பர படிக்கறது ஒரு திறமை, நடிக்கறது வேற திறமை. ரெண்டும் ஒண்ணு இல்ல. பக்கத்த பாத்த உடனே கடகடன்னு படிக்கறவங்க ரெண்டு மாச ரிகர்சலுக்கு அப்புறமும் அதே மாதிரி தான் படிச்சிக்கிட்டு இருப்பாங்க, நான் நெறைய பாத்துட்டேன். மொத நாள் திக்கினவங்க மேடையில ஏறினப்ப தலைகீழா மாறினதையும் பாத்திருக்கேன். அதனால தான் பொறுப்பான குழுக்கள் பக்கத்த முன்கூட்டியே அனுப்பி வெப்பாங்க, இல்லனா உங்களுக்கு பழக்கமானது ஏதாவது செஞ்சு காட்டுங்கன்னு கேப்பாங்க. கஷ்டமான வேலை இல்ல, வாட்ஸ்அப்புல ஒரு பிடிஎப் தட்டி விடற வேலை.

எங்க அம்மாவோட அப்பா பண்ருட்டி பக்கம் கூத்துல வேஷம் கட்டினவரு. ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. வாத்தியார் சொல்லச் சொல்ல திருப்பிச் சொல்லி, மொதல்ல பின்பாட்டு பாட நின்னு, வருஷக்கணக்கா பாத்து பாத்து தான் வேஷத்துக்கு வந்தாரு. அடவு தப்பினா வாத்தியார் திட்டுவாராம், அடியும் விழுமாம். ஆனா அது அந்த தாளத்துக்கு முன்னாடி முடிஞ்சிடும், மறுநாள் ஊருக்குள்ள போய் இவன் இப்படி தப்பு பண்ணான்னு எந்த வாத்தியாரும் சொல்லி சிரிச்சதில்லன்னு தாத்தா சொல்லுவாரு. அவருக்கு இன்னைக்கு ஒரு பேப்பர நீட்டி படின்னு சொன்னா அவரும் ரீல்ல தான் வந்திருப்பாரு.

சின்னப் பசங்கள வெச்சு நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனி காலத்த எடுத்துக்குங்க. எம்.ஜி.ஆர், சிவாஜி எல்லாம் சின்னப் பசங்களா போய் சேந்து, சொல்லிக் குடுத்து சொல்லிக் குடுத்து வளந்தவங்க. வந்த அன்னைக்கே தேறினாங்களா? 1918-ல மதுரையில பசங்கள சேத்து தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாங்கற நாடகக் குழுவ நடத்தினவரு நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள். அவரு சமாதி நம்ம பாண்டி கருவடிக்குப்பத்துல தான் இருக்கு. 1922 நவம்பர் 13 இதே பாண்டியில செத்துப் போனாரு. அவ்ளோ பாட்டும் வசனமும் எழுதின மனுசனுக்கு கடைசியில பக்கவாதம் வந்து பேச்சே போயிடுச்சு. வருஷா வருஷம் அங்க போய் மாலை போட்டு போட்டோ எடுக்கறோம். அந்த ரீல போட்ட குழுவும் போட்டோ எடுத்து போட்டவங்க தான். வாய் வராம நின்ன ஒரு பையன பாத்து சிரிக்கறவங்க அங்க போய் எந்த முகத்தோட கும்புடறாங்க?

"முகத்த ப்ளர் பண்ணிட்டோமே"ன்னு ஒருத்தர் கமெண்ட்ல சொல்லிருந்தாரு. சட்டைய ப்ளர் பண்ணீங்களா, குரல ப்ளர் பண்ணீங்களா? ஓ.டி.ல அவன் தெருவுல எல்லாருக்கும் அது யாருன்னு தெரியும். கம்பெனியில கூட வேலை செய்றவங்க அந்த "சாரி சார், இன்னொரு வாட்டி"ய ரிங்டோனா வெச்சு கலாய்க்கறாங்களாம்.

"ரிஜிஸ்டர்ல கையெழுத்து போட்டானே, போட்டோ வீடியோ எடுப்போம்னு அதுல இருந்துச்சே"ன்னு இன்னொருத்தர். எடுப்போம்னு தான் இருந்துச்சு, எடுத்து கேலி பண்ணுவோம்னு இல்ல. வாசல்ல டேபிள் போட்டு, பேரு போன் நம்பர் எழுதுங்கன்னு சொன்னா வரிசையில நிக்கற யாரு அதுல இருக்கற பொடி எழுத்த எல்லாம் படிப்பாங்க?

ஹால் வாடகை, லைட்டு, மைக்கு, டிக்கெட் விக்கணும், விளம்பரம் வேணும், அதெல்லாம் எனக்கும் தெரியும், நானும் கைக்காசு போட்டவ தான். விளம்பரத்துக்கு ஒத்திகைய போடுங்க, மேக்கப் போடறத போடுங்க, செட்டு அடிக்கறத போடுங்க.

"நடிக்க வர்றவனுக்கு தோல் தடிமனா இருக்கணும்"னு சொல்றீங்க பாருங்க, இது தான் எனக்கு ஆத்திரத்த மூட்டுது. மேடையில ஏறி, டிக்கெட் வாங்கினவங்க முன்னாடி சொதப்பினா கேளுங்க, விசில் அடிங்க, பேப்பர்ல கிழிச்சு எழுதுங்க, அது நடிகன் ஒத்துக்கிட்ட விஷயம். ஆடிஷன் அது இல்ல. அங்க வர்றவங்க இன்னும் நடிகராவே ஆகல. எதிர்ல மூணு பேரு நோட்டோட உக்காந்திருக்காங்க, தன்ன எடை போடறாங்கன்னு தெரிஞ்சே ஒருத்தர் வெக்கத்த விட்டு வாய தொறக்கறாங்க. அந்த நேரம் தோல் மெல்லிசா தான் இருக்கும். மெல்லிசா இருந்தா தான் நடிப்பே வரும். தடிமனா இருக்கறவங்க தான் வேணும்னா நீங்க தேடறது நடிகர இல்ல.

என் கதையவும் சொல்லிடறேன். கல்யாணம் ஆகி கொஞ்ச நாள்ல பாண்டியில ஒரு குழுவோட ஆடிஷனுக்கு மாமியாருக்கு தெரியாம போனேன். வாய தொறந்தா ஒண்ணும் வரல, கண்ணு கலங்கிடுச்சு. டேபிள்ல இருந்தவரு நோட்ட மூடி "போதும்மா"ன்னுட்டாரு. அன்னைக்கு ஸ்மார்ட்போன் கிடையாது, அதனால நான் தப்பிச்சேன். அது வீடியோவா வெளிய வந்து எங்க வீட்டுல பாத்திருந்தாங்கன்னா என் நாடகம் அன்னைக்கே முடிஞ்சிருக்கும். அப்புறம் நான் ஏறின மேடை எதுவுமே இருந்திருக்காது. இன்னைக்கு வீட்டுல சொல்லாம வர்ற பொண்ணுங்க இல்லையா? இந்த ரீல பாத்துட்டு அதுல எத்தன பேரு அடுத்த ஆடிஷனுக்கு வருவாங்க? அப்புறம் நீங்களே "பொம்பள கேரக்டருக்கு ஆள் கெடைக்கல"ன்னு புலம்புவீங்க. வர்ற ஒண்ணு ரெண்டு பேருக்கும் முப்பது வயசு தாண்டினா அம்மா வேஷம், நாப்பது தாண்டினா பாட்டி வேஷம், இல்லனா டீ போடற வேலை. செலக்ட் ஆகலன்னா ஒரு மெசேஜ் கூட வராது. போஸ்டர் வந்ததும் அதுல நம்ம பேரு இல்லன்னு பாத்து தான் தெரிஞ்சிக்கணும். எனக்கு இப்படி நடந்தது ஒரு தடவ இல்ல. ஒரு "இல்லம்மா, இந்த தடவ வேற ஒருத்தர்" சொல்றதுக்கு என்ன செலவு? அதுக்கு நேரம் இல்ல, உக்காந்து ரீல எடிட் பண்ணி மியூசிக் போட மட்டும் நேரம் இருக்கு.

இன்பாக்ஸ்ல ஒருத்தர், "உங்களுக்கு ரோல் குடுக்கல, அந்த காண்டுல எழுதறீங்க"ன்னு அனுப்பிருக்காரு. இந்த நாடகத்துக்கு நான் ஆடிஷனே போகல. ரோல் கெடைக்காத வலி எனக்கு இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன், ஆனா அந்த வலி இருக்கறதால தான் அந்த பையன் பஸ்ல திரும்பி வந்தப்ப எப்படி இருந்திருப்பான்னு எனக்குப் புரியுது. உங்களுக்குப் புரியலன்னா நீங்க தான் யோசிக்கணும்.

ரீல போட்ட குழுவோட அட்மின்ங்களுக்கு நேரடியாவே சொல்றேன். ரீல எடுங்க. நீங்களே வாட்ஸ்அப்புல போட்ட குரூப்புல எல்லாம் அழிக்கச் சொல்லுங்க. அந்த தம்பிக்கு போன் பண்ணுங்க, நம்பர் உங்க ரிஜிஸ்டர்ல தான் இருக்கு. அந்த துரியோதனன் வீடியோவ அவன்கிட்டயே குடுங்க, வெளிய போடறதா வேணாமான்னு அவன் முடிவு பண்ணட்டும். இதெல்லாம் நடக்கற வரைக்கும் உங்க நாடகத்துக்கு நான் டிக்கெட் வாங்க மாட்டேன், விக்கறதுக்குன்னு என்கிட்ட குடுத்த டிக்கெட் கட்டையும் நாளைக்கு திருப்பி அனுப்பறேன்.