கொடையில் கணியான் கூத்து பார்க்க வரி ரசீது வேண்டாம்

திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடைகளில், அதாவது ஊர்க் கோயில் திருவிழாக்களில், நடக்கும் கணியான் கூத்தையும் வில்லுப்பாட்டையும் வரி கொடுத்த குடும்பங்கள்தான் பார்க்க முடியும், வெளியாள் காசு கட்டணும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அது சரியில்லை அண்ணாச்சி. வரி என்பது கொடைச் செலவுக்கு ஊரார் போடும் பங்கு. வரிக்காரர் வீட்டுக்குப் பிரசாதம் போகும், அவ்வளவுதான். கூத்து கோயில் முன்னால் திறந்தவெளியில் நடக்கிறது. டிக்கெட் கிழிக்க அங்கே வாசலே கிடையாது.

சந்தேகமிருந்தால் சுவரில் ஒட்டியிருக்கும் கொடை நோட்டீஸைப் பாருங்கள். கூத்து, வில்லு நேரம் போட்டிருக்கும்; கட்டணம் என்று எதுவும் போட்டிருக்காது. இல்லையென்றால் பந்தலில் இருக்கும் வரிதாரர் யாரிடமாவது கேளுங்கள், "வந்து உக்காருங்க" என்பார்கள்.

கொஞ்சம் முன்னாடியே போனால், மகுடம் என்கிற தோல் வாத்தியத்தைத் தீயில் காட்டிச் சூடேற்றுவதையே பார்க்கலாம். தோல் விறைத்ததும் முதன்மைப் பாடகரான அண்ணாவி பாட்டெடுக்க, பெண் வேடமிட்ட ஆண்கள் சலங்கையோடு இறங்குவார்கள். உங்களுக்கு ஆகும் செலவு பஸ் காசுதான். கூத்து விடிய விடிய ஓடும், நடுவில் திரும்ப பஸ் கிடைக்காது. ஒரு துண்டு கொண்டுபோங்கள்.