பாறைக்கு அவசரம் தெரியாது

"செம்பு விலை இந்த ஏறு ஏறுகிறதே, அப்புறம் ஏன் யாரும் புதுச் சுரங்கம் திறக்க மாட்டேன் என்கிறார்கள்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. அதனால்தான் இந்த நீளமான பதிவு.

விலை ஏறினால் வரத்து கூடும் என்று படித்திருக்கிறோம். சுரங்கத் தொழிலிலும் அது நடக்கும், ஆனால் விலை ஏறிய காலத்தில் பிறந்த குழந்தை கல்லூரிக்குப் போகும் வயதில்தான் நடக்கும். தாது கண்டுபிடித்ததிலிருந்து முதல் உற்பத்தி வரை சராசரியாக 16 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது என்று சர்வதேச எரிசக்தி முகமை 2021-இல் சொன்னது. அது சராசரிதான். அமெரிக்காவின் அரிசோனாவில் ரெசொல்யூஷன் என்ற பெரிய செம்புப் படிவத்தை 1995-இல் கண்டுபிடித்தார்கள். முப்பது ஆண்டுகள் கடந்தும் அது இன்னும் சுரங்கமாகவில்லை. அந்த மண் அப்பாச்சி பழங்குடி மக்களுக்குப் புனித நிலம், வழக்குகள் தொடர்கின்றன.

இந்தத் தொழிலின் எல்லாச் சிக்கலுக்கும் அடியில் காலம்தான் இருக்கிறது என்பது என் கருத்து. சுரங்கத்தின் ஆயுள் பல பத்தாண்டுகள். அதற்குப் பணம் போடுகிறவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கேட்கிறார். அனுமதி தரும் அரசு சில ஆண்டுகளில் மாறிவிடுகிறது. அந்த மண்ணில் வாழ்கிறவர்களோ தலைமுறைக் கணக்கில் யோசிக்கிறார்கள். இவர்கள் எல்லாரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

மின்வாகன பேட்டரிக்கு வேண்டிய லித்தியத்தைப் பாருங்கள். 2022 இறுதியில் சீனாவில் ஒரு டன் லித்தியம் கார்பனேட் ஆறு லட்சம் யுவானை நெருங்கியது. மின்வாகனக் கனவில் உலகமே லித்தியம் தேடி ஓடியது. 2024 தொடக்கத்தில் அதே டன் ஒரு லட்சம் யுவான் அளவுக்கு விழுந்துவிட்டது. உச்ச விலையை நம்பிக் கடன் வாங்கியவர்கள் திட்டங்களை நிறுத்தினார்கள், ஆட்களைக் குறைத்தார்கள். நிக்கல் கதை இன்னும் கடுமையானது. இந்தோனேசியா 2020-இல் கச்சா நிக்கல் தாது ஏற்றுமதியைத் தடை செய்து, உருக்காலைகளைத் தன் மண்ணுக்கே வரவழைத்தது. பெரும்பாலும் சீன முதலீட்டில் ஆலைகள் எழுந்தன. இன்று உலக நிக்கலில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் வருகிறது. அந்த வெள்ளத்தில் விலை சரிந்து, மேற்கு ஆஸ்திரேலியாவில் பிஎச்பி என்ற பெரிய சுரங்க நிறுவனம் தன் நிக்கல் பிரிவையே 2024 அக்டோபரில் நிறுத்தி வைத்தது. அங்கே வேலை செய்தவர்கள் திறமையில் குறைந்தவர்கள் அல்ல. வேறொரு நாட்டின் கொள்கை மாறியது, இவர்களின் வேலை போனது.

இது போதாதென்று, தாதுவின் தரமும் இறங்கிக்கொண்டே வருகிறது. அமெரிக்காவின் பிங்காம் பள்ளத்தாக்கில் 1906-இல் திறந்தவெளிச் சுரங்கம் தொடங்கியபோது, பாறையில் 2 சதவீதம் செம்பு இருந்ததையே ஏழைத் தாது என்றார்கள். இன்று 0.6 சதவீதம் கிடைத்தால் அது நல்ல படிவம். அதாவது ஒரு டன் பாறையை வெடித்து, லாரியில் ஏற்றி, மாவாக அரைத்தால் ஆறு கிலோ செம்பு. மீதி 994 கிலோ கழிவு. தரம் பாதியானால் அதே செம்புக்கு இரண்டு மடங்கு பாறை, இரண்டு மடங்கு அரைப்பு, அதற்கேற்ற மின்சாரமும் தண்ணீரும். உலகின் மிகப்பெரிய செம்புச் சுரங்கமான சிலியின் எஸ்கொண்டிடா, அட்டகாமா பாலைவனத்தில் கடல்மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. நிலத்தடி நீரை எடுப்பதை நிறுத்திவிட்டு, கடல்நீரை உப்பு நீக்கி அவ்வளவு உயரத்துக்கு ஏற்றுகிறார்கள். செம்பின் விலைக்குள் அந்தத் தண்ணீரின் பயணமும் இருக்கிறது.

அந்த 994 கிலோ எங்கே போகிறது? தொழிலின் உண்மையான கடன் அதுதான் என்று நினைக்கிறேன், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். அரைத்த பாறை சேறாகி அணைகளுக்குப் பின்னால் தேங்குகிறது. 2019 ஜனவரி 25 அன்று பிரேசிலின் புருமாடின்யோவில் வாலே நிறுவனத்தின் அப்படியொரு அணை உடைந்தது. அதில் புதிதாகக் கழிவு கொட்டுவதை நிறுத்தி மூன்று ஆண்டுகளாகியிருந்தன. அணை உறுதியாக இருப்பதாகச் சான்றிதழும் இருந்தது. தொழிலாளர் உணவகம் அணைக்குக் கீழேதான் இருந்தது, நேரமோ மதிய உணவு நேரம். 270 பேர் இறந்தார்கள். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்புதான் அதே மாநிலத்தில் மரியானா அருகே இன்னொரு அணை உடைந்து 19 பேர் இறந்திருந்தார்கள். அந்தச் சுரங்கத்திலும் வாலேவுக்குப் பங்கு இருந்தது. புருமாடின்யோவுக்குப் பிறகு, 2020-இல் கழிவு அணைகளுக்கான உலகளாவிய தரவிதி வந்தது. நல்லது. ஆனால் அதை எழுத வைக்க இத்தனை உயிர்கள் போக வேண்டியிருந்தது என்பதை என்னால் எளிதாகக் கடக்க முடியவில்லை.

அடுத்தது மக்களின் சம்மதம். ஆஸ்திரேலியாவின் ஜூக்கன் பள்ளத்தாக்கில் 46,000 ஆண்டுகளாக மனிதர் புழங்கிய குகைகளை, இரும்புத்தாதுவுக்காக ரியோ டின்டோ என்ற சுரங்க நிறுவனம் 2020 மே மாதம் வெடித்துத் தகர்த்தது. சட்டப்படி அனுமதி இருந்தது. ஆனாலும் சில மாதங்களிலேயே தலைமை நிர்வாகியும் இரண்டு மூத்த அதிகாரிகளும் பதவி விலக வேண்டி வந்தது. பனாமாவில் 2023-இல் நடந்தது இன்னும் பெரிது. சுமார் 1,000 கோடி டாலர் போட்டுக் கட்டி, 2019-இல்தான் உற்பத்தியைத் தொடங்கிய கோப்ரே பனாமா, உலகச் செம்பில் ஒரு சதவீதத்துக்கு மேல் தந்த சுரங்கம். அரசோடு புது ஒப்பந்தம் போட்டார்கள். மக்கள் வாரக்கணக்கில் தெருவில் இறங்கினார்கள். ஒப்பந்தம் அரசியலமைப்புக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் நவம்பரில் சொல்ல, சுரங்கம் மூடப்பட்டது. இதையெல்லாம் நிறுவனங்கள் 'அரசியல் ஆபத்து' என்று ஒரு தலைப்பில் அடைக்கின்றன. எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. ஊர் மக்களிடம் முதல் நாளே பேச வேண்டியதைக் கடைசி நாள்வரை தள்ளிப்போட்டதன் விலை அது.

உருக்காலைக்காரர்களின் நிலையும் சுகமில்லை. செம்புத் தாதுவை உருக்கித் தர வாங்கும் அடிப்படைக் கூலி 2024-இல் டன்னுக்கு 80 டாலர். 2025-இல் அது 21.25 டாலர். உலைகள் பெருகிவிட்டன, தாது பெருகவில்லை. எஃகில் வேறு தலைவலி. நிலக்கரியால் இரும்புத்தாதுவை உருக்கும் ஊதுலை ஒன்றை ஒருமுறை புதுப்பித்தால் பதினைந்து இருபது ஆண்டுகள் நிலக்கரியோடு கட்டுண்டு கிடக்க வேண்டும். ஹைட்ரஜனில் இரும்பு எடுக்க முடியும் என்று சுவீடனில் 2021-இல் செய்து காட்டிவிட்டார்கள். ஆனால் மலிவான மின்சாரம் இல்லாமல் அது எல்லா நாட்டுக்கும் கட்டுப்படியாகாது. இன்று உலையைப் புதுப்பிக்கலாமா என்று முடிவெடுக்கிற நிர்வாகியின் தூக்கம் கெடுவதில் நியாயம் இருக்கிறது.

சரி, நண்பரின் கேள்விக்கு வருகிறேன். இவ்வளவையும் பார்க்கிற ஒரு பெரிய நிறுவனம் என்ன செய்யும்? புதிதாகத் தோண்டுவதைவிட, ஓடிக்கொண்டிருக்கும் சுரங்கத்தை வாங்கவே விரும்பும். 2024-இல் பிஎச்பி ஆங்கிலோ அமெரிக்கன் நிறுவனத்தை வாங்க முயன்றதில் முக்கிய ஆசை அதன் செம்புச் சுரங்கங்கள்மீதுதான். அந்த முயற்சி தோற்றது. வென்றிருந்தாலும் உலகத்துக்கு ஒரு டன் செம்புகூடக் கூடியிருக்காது, உரிமையாளர் பெயர் மட்டும் மாறியிருக்கும்.

என்னைக் கேட்டால், மாற்றத்தைச் சுரங்கத்தின் முடிவிலிருந்து தொடங்க வேண்டும். சுரங்கத்தை மூடிச் சீரமைக்கும் செலவுக்கான பணத்தை முதல் டன் தாது வெளியே வரும் முன்பே, நிறுவனத்தின் கைக்கு எட்டாத இடத்தில் முழுதாகக் கட்ட வைக்க வேண்டும். பல நாடுகளில் இதற்குச் சட்டம் இருக்கிறது, தொகைதான் போதாமல் இருக்கிறது. அதனால் லாபம் குறையும், சில திட்டங்கள் தொடங்காமலே போகும் என்பார்கள். போகட்டும். அந்தச் செலவைத் தாங்காத சுரங்கம் உண்மையில் லாபச் சுரங்கமே அல்ல.

கனடாவின் யெல்லோநைஃப் நகரை ஒட்டி ஜயன்ட் என்ற தங்கச் சுரங்கம் இருந்தது. 1948-இல் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியது. உரிமையாளர் நிறுவனம் 1999-இல் நொடித்துப் போனது. தாதுவை வறுத்தபோது வந்த ஆர்சனிக் என்ற நச்சுத் தூள் 2,37,000 டன் நிலத்துக்கு அடியில் இருக்கிறது, பக்கத்திலேயே பெரிய ஏரி. அதை வெளியே எடுக்க வழியில்லாமல், சுற்றியுள்ள பாறையை உறையவைத்து உள்ளேயே பூட்டி வைக்கிறார்கள். சீரமைப்புச் செலவு 438 கோடி கனடா டாலர் என்று 2022-இல் மதிப்பிட்டார்கள். அதைக் கட்டுவது மக்களின் வரிப்பணம். தங்கம் எப்போதோ விற்றுத் தீர்ந்துவிட்டது. பாறையை மட்டும் இன்னும் உறைய வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.