பார்த்துக்கிறதுக்கு எதுக்கு ட்ரெய்னிங்?

எங்கள் பாலர் பள்ளியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற எங்களுக்கும் பெற்றோருக்கும் மூன்று நாள் பயிற்சி என்று அறிவித்திருந்தோம். அதற்கு நேற்று பெற்றோர் வாட்ஸப் குரூப்பில் நடந்தது உங்களுக்கே தெரியும். ஸ்க்ரீன்ஷாட்டை ஏழு பேர் அனுப்பிவிட்டீர்கள். "ஆயா வேலைக்கு எதுக்குங்க மூணு நாள் ட்ரெய்னிங்? இதுல பெத்தவங்களுக்கும் கிளாஸாம்!" கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி. சிரித்தவர்களில் இரண்டு பேரின் பிள்ளைகள் என் வகுப்பில்தான் இருக்கிறார்கள். பரவாயில்லை.

ஒரு ராத்திரி பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அன்பு போதுமாம். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் எனக்கும் அன்பு நிறைய இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் இரண்டரை வயதுப் பையன் ஒருவனை மாதக்கணக்கில் மூலையில் உட்காரவைத்தேன். கடிப்பான். 'கடிக்கிற பையன்' என்றே பெயராகிவிட்டது. வீட்டிலும் அடி. பிறகு ஒரு பயிற்சியில், கடித்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "கடிக்கிறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?" என்றார் பயிற்சியாளர். எனக்குத் தெரியவில்லை. ஒரு வாரம் நோட்டில் எழுதச் சொன்னார்: எத்தனை மணி, பக்கத்தில் யார், கையில் என்ன. எழுதிப் பார்த்தால், பெரும்பாலும் யாராவது பின்னாலிருந்து வந்திருக்கிறார்கள். காதை டாக்டரிடம் காட்டச் சொன்னார். நடுக்காதில் நீர் கோத்திருந்தது. ஆள் வரும் சத்தமே அவனுக்குச் சரியாகக் கேட்டதில்லை. நானோ அவனைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்திருக்கிறேன்.

அவன் அம்மாவுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். முகத்துக்கு நேராகக் குனிந்து பேசுங்கள், டிவியை அணைத்துவிட்டுப் பேசுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள். நீங்கள் சிரித்த அந்த 'கிளாஸ்' இதுதான்.

உடனே வருவீர்கள், "எங்க பாட்டி எந்த ட்ரெய்னிங் போனாங்க?" என்று. உங்கள் பாட்டியிடம் ஒரே நேரத்தில் மூன்று வயதுக் குழந்தைகள் இருபது பேரை விட்டுவிட்டுப் போனார்களா? சான்றிதழ் வாங்கிய எல்லாரும் நல்ல டீச்சரா என்றால், இல்லை. சமையல் படித்த எல்லாரும் நன்றாகச் சமைப்பதில்லை, அதுபோலத்தான். அடுத்தது. வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரமில்லை என்பது மட்டும் நியாயம். அதற்கு என்னிடமும் முழுப் பதில் இல்லை. ஆனால் நேரமில்லை என்று சொல்வது வேறு, சிரிப்பது வேறு.

சின்ன வயதுக் கல்வி என்றால் எல்லாரும் எடுத்துக்காட்டுவது அமெரிக்காவின் பெர்ரி பாலர் பள்ளி ஆய்வைத்தான். 1962இல் தொடங்கியது. 123 பிள்ளைகள்; அதில் 58 பேருக்குத்தான் வகுப்பு. 40 வயது வரை தொடர்ந்து பார்த்ததில், வகுப்புக்குப் போனவர்கள் படிப்பிலும் சம்பாத்தியத்திலும் முன்னால் நின்றார்கள். இதைச் சொல்கிறவர்கள் பலர் ஒன்றை விட்டுவிடுவார்கள்: அங்கே டீச்சர்கள் வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம் வீட்டுக்கே போய், அம்மாவோடும் பிள்ளையோடும் உட்கார்ந்தார்கள். வீட்டை விட்டுவிட்டு வகுப்பை மட்டும் அவர்கள் நடத்தவில்லை.

நீங்கள் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று: "இன்னும் எழுத ஆரம்பிக்கலையா?" மூன்று வயதில் மணிக்கட்டு எலும்புகளே உருவாகி முடிந்திருக்காது. மண் பிசையட்டும், மணி கோக்கட்டும் என்றால், "சும்மா விளையாட விடறாங்க" என்று பேச்சு. இதைப் புரியவைக்கத்தான் கூப்பிட்டோம். போன தடவை நாலு பேர் வந்தீர்கள். நாற்காலி முப்பது போட்டிருந்தோம்.

இன்னொன்று. 'ஆயா வேலை' என்று திட்டுகிற மாதிரி எழுதியிருக்கிறீர்களே, அதுதான் ராத்திரி முழுக்க உறுத்தியது. எந்தப் பிள்ளை எதற்கு அழுகிறது என்று எங்கள் ஆயாம்மாவுக்கு எனக்கு முன்னால் தெரியும். அந்தப் பையன் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று முதலில் சொன்னதே அவர்தான். "உங்களுக்கு என்ன தெரியும்" என்று நான்தான் வாயை அடைத்தேன். பயிற்சிக்கும் அவரைக் கூட்டிப் போகவில்லை. டீச்சர்களுக்கு மட்டும் என்றார்கள், நானும் ஏன் என்று கேட்கவில்லை.

இந்த மூன்று நாளுக்கு அவர் பெயரையும் கொடுத்திருக்கிறேன். எமோஜி போட்டவர்களும் வரலாம். நாற்காலி இருக்கிறது.