விசா இல்லாவிட்டாலும் அந்த வீட்டை வாங்குவீர்களா?

வெளிநாட்டில் ஒரு ஃப்ளாட் வாங்கினால் குடும்பம் மொத்தத்துக்கும் வசிப்பிட விசா என்று சொல்லும் விளம்பரங்கள் இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணில் படுகின்றன. இதைப் பற்றி யார் என்னிடம் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். விசா என்ற பேச்சே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் இதே வீட்டை, இதே விலைக்கு வாங்குவீர்களா? பெரும்பாலும் பதில் வராது. சிலருக்குக் கோபம்கூட வரும். ஆனாலும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஏனென்றால் வாழ்நாள் சேமிப்பை இதில் போடுகிறவர்கள் வீட்டையும் விசாவையும் ஒரே பொருளாகப் பார்க்கிறார்கள். அவை இரண்டு தனித்தனிப் பொருட்கள். வீட்டை விற்பவர் ஒருவர், விசாவைக் கொடுப்பவர் வேறொருவர். முன்னவர் சொல்லும் எதுவும் பின்னவரைக் கட்டுப்படுத்தாது.

கோல்டன் விசா என்று அழைக்கப்படும் இந்தத் திட்டங்கள் எப்படிப் பிறந்தன என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். 2008 உலக நிதி நெருக்கடிக்குப் பிறகு தெற்கு ஐரோப்பாவில் வீட்டுச் சந்தை படுத்துவிட்டது. கட்டி முடித்த வீடுகள் ஆள் இல்லாமல் கிடந்தன, வங்கிகளின் கடன்கள் வாராக்கடன்களாகின. அரசுகளுக்கு வெளியிலிருந்து பணம் வர வேண்டியிருந்தது. 2012இல் போர்ச்சுகல், 2013இல் ஸ்பெயினும் கிரீஸும் கதவைத் திறந்தன. போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் 5 லட்சம் யூரோ, கிரீஸில் 2.5 லட்சம் யூரோ. அவ்வளவுக்கு வீடு வாங்கினால் வசிப்பிட அனுமதி. போர்ச்சுகலில் வருடத்துக்குச் சராசரியாக ஏழு நாள் தங்கினாலே போதும் என்றார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது பணம். நீங்கள் வந்து வாழ்வதை அவர்கள் எதிர்பார்க்கவே இல்லை.

பணம் வந்தது, விலை ஏறியது, அப்புறம் என்ன ஆனது? போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் வேலை பார்க்கும் ஆசிரியர்களும் செவிலியர்களும் லிஸ்பனிலேயே வாடகை கொடுக்க முடியாத நிலை வந்தது. சுற்றுலா வாடகை, குறைந்த வட்டி, வீடு கட்டுவதில் தேக்கம் என்று காரணங்கள் பல இருந்தன. எல்லாவற்றையும் கோல்டன் விசாவின் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆனால் மக்கள் தெருவில் இறங்கும்போது, ஓட்டுரிமை இல்லாத வெளிநாட்டுக்காரரின் விசாவை நிறுத்துவதுதான் எந்த அரசுக்கும் எளிதான வேலை. போர்ச்சுகல் 2022 தொடக்கத்திலேயே லிஸ்பன், போர்ட்டோ, அல்கார்வ் கடற்கரைப் பகுதிகளின் குடியிருப்புகளைத் திட்டத்திலிருந்து எடுத்தது. 2023 அக்டோபரில் வீடு வாங்கும் வழியையே முழுதாக மூடியது. ஸ்பெயினில் 2024 ஏப்ரலில் பிரதமர் பெட்ரோ சான்செஸ், இந்த விசாக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு வீடு வாங்கிப் பெற்றவை என்று சொல்லி, திட்டத்தை நிறுத்தப்போவதாக அறிவித்தார். 2025 ஏப்ரல் 3ஆம் தேதியோடு அது முடிந்துபோனது.

இதில் எனக்கு அந்த ஊர் மக்கள் மேல் வருத்தமில்லை. வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வாடகைக்கு இடம் தேடுகிறவருக்குக் கோபம் வராமல் இருக்குமா? இந்தக் கோபம் தற்செயலாக வந்ததல்ல, திட்டத்தோடு சேர்ந்தே பிறந்தது என்பதை வாங்குகிறவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். திட்டம் எந்த அளவுக்கு வெற்றி பெறுகிறதோ, அந்த அளவுக்கு அது மூடப்படும் நாளும் நெருங்குகிறது. ஏற்கெனவே அனுமதி வாங்கியவர்களை இரண்டு நாடுகளும் கைவிடவில்லை, புதுப்பித்துக்கொள்ள விட்டார்கள். அது நல்ல விஷயம்தான். ஆனால் வீட்டின் மறுவிற்பனை விலைக்கு எந்த அரசும் பொறுப்பேற்கவில்லை.

அந்த விலை எப்படி உருவாகிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கிரீஸில் விசாவுக்கான குறைந்தபட்ச விலை எல்லை 2.5 லட்சமாக இருந்த காலத்தில், தெரிந்தவர் ஒருவர் ஏதென்ஸ் வீடு ஒன்றின் காகிதங்களைக் கொண்டுவந்து காட்டினார். பழைய கட்டடத்தில் முதல் மாடி, இரண்டு படுக்கையறை, புதிதாகப் பூசிய சுவர், புதிய சமையலறை. விலை மிகச் சரியாக 2,50,000 யூரோ. ஒரு யூரோ கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உள்ளூர்க்காரர்கள் வீடு தேடும் இணையதளத்தில் அதே தெருவைப் போட்டுப் பார்த்தோம். அதே அளவு, அதே வயதுடைய வீடுகள் அதைவிட வெகு குறைவான விலைக்குக் கிடந்தன. எல்லைத் தொகைக்குக் கீழே இருக்கும் வீட்டை அந்தத் தொகைக்கு உயர்த்தி வைத்திருந்தார்கள். அந்த வித்தியாசம்தான் விசாவின் விலை. ஆனால் பத்திரத்தில் அது வீட்டின் விலையாகத்தான் எழுதப்படுகிறது. நாளைக்கு அதை விற்கப் போனால், விசா தேவைப்படும் இன்னொரு வெளிநாட்டுக்காரர்தான் அந்த விலையைக் கொடுப்பார். உள்ளூர்க்காரர் ஏன் கொடுக்கப்போகிறார்? திட்டம் மூடிவிட்டாலோ எல்லை உயர்ந்துவிட்டாலோ அந்த வெளிநாட்டுக்காரரும் வரமாட்டார்.

எல்லை உயர்ந்தேவிட்டது. 2023இல் ஏதென்ஸின் முக்கியப் பகுதிகளிலும் வேறு சில இடங்களிலும் 5 லட்சம் ஆனது. 2024 செப்டம்பரிலிருந்து ஏதென்ஸ் அடங்கிய அட்டிகா பகுதி முழுவதும், தெசலோனிகி, மைக்கோனோஸ், சாண்டோரினி, 3,100 பேருக்கு மேல் வசிக்கும் தீவுகள் ஆகிய இடங்களில் 8 லட்சம், மற்ற இடங்களில் 4 லட்சம். அதுவும் குறைந்தது 120 சதுர மீட்டர் உள்ள ஒரே வீடாக இருக்க வேண்டும். பழைய 2.5 லட்சம் இன்னும் இருக்கிறதே என்று ஏஜென்ட் சொல்வார். இருக்கிறதுதான், ஆனால் அலுவலகம், கிடங்கு போன்றவற்றைக் குடியிருப்பாக மாற்றிய இடங்களுக்கும், பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடங்களைச் சீரமைப்பதற்கும் மட்டும். மாற்றும் வேலை முடிந்த பிறகுதான் விசாவுக்கே விண்ணப்பிக்க முடியும். அந்த வேலை இழுத்தால் விசாவும் சேர்ந்து இழுக்கும்.

இன்னொன்று. கிரீஸில் இப்படி விசாவுக்காக வாங்கிய வீட்டை ஏர்பிஎன்பி போன்ற குறுகிய கால வாடகைக்கு விடக் கூடாது. விட்டால் அனுமதி ரத்தாகும், 50,000 யூரோ அபராதமும் உண்டு. 'கோடையில் நாள் வாடகைக்கு விட்டே முதலை எடுத்துவிடலாம்' என்று யாராவது கணக்குப் போட்டுக் காட்டினால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். அந்தக் கணக்குக்குச் சட்டம் இடமே கொடுக்கவில்லை.

சரி, கையில் கிடைக்கும் அந்த வசிப்பிட அனுமதி அட்டை என்ன தருகிறது? கிரீஸில் தங்கலாம். ஒரே விசாவில் போய்வரக்கூடிய மற்ற ஐரோப்பிய நாடுகளுக்கு, அதாவது ஷெங்கன் நாடுகளுக்கு, 180 நாட்களில் 90 நாள்வரை போய் வரலாம். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஜெர்மனியில் வேலை தேட முடியாது. கிரீஸிலேயே ஒருவரிடம் சம்பளத்துக்கு வேலை பார்க்கவும் அது அனுமதிக்காது. குடியுரிமை வேண்டுமென்றால் ஏழு வருடம் உண்மையாகவே அங்கே வாழ்ந்திருக்க வேண்டும், கிரேக்க மொழியிலும் வரலாற்றிலும் தேர்வு எழுதித் தேற வேண்டும். வருடத்துக்கு ஒரு வாரம் எட்டிப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு ஐரோப்பிய பாஸ்போர்ட் வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டப்படுகிறது. அந்தப் பிள்ளை 21 வயதுவரைதான் பெற்றோரின் விசாவில் ஒட்டிக்கொள்ள முடியும், அதன் பிறகு கொஞ்ச காலத்துக்குத் தனி அனுமதி, அப்புறம் சொந்த வழியைத் தேட வேண்டியதுதான். பதினெட்டு வயதுப் பிள்ளைக்காக வீடு வாங்குகிறவர் இதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டாமா?

துபாய் விஷயம் கொஞ்சம் வேறு. 20 லட்சம் திர்ஹம் மதிப்புள்ள சொத்து, பத்து வருட கோல்டன் விசா. அங்கே குடியுரிமை என்ற ஆசையை யாரும் காட்டுவதில்லை என்பதால் எனக்கு அதில் குழப்பம் குறைவு. ஏற்கெனவே அங்கே தொழிலோ வேலையோ இருக்கிறவர்கள், வேலை போனால் விசாவும் போய்விடும் என்ற பயமில்லாமல் இருக்க இதை வாங்குகிறார்கள். அது நியாயமான காரணம். ஆனாலும் பதிவுக்கு 4 சதவீதம், புரோக்கர் கமிஷன், வருடா வருடம் சர்வீஸ் சார்ஜ் எல்லாம் சேர்த்துத்தான் வீட்டின் விலையைப் பார்க்க வேண்டும். இன்னும் கட்டி முடிக்காத கட்டடம் என்றால் விசா எந்தக் கட்டத்தில் கிடைக்கும் என்பதை பில்டரின் வாய்ப்பேச்சில் விடாமல், அரசு அலுவலகத்தின் விதியைப் பார்த்தே தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம், வீட்டை விற்றால் பெரும்பாலும் விசாவும் போய்விடும். வெளிநாட்டவர் நீண்ட காலம் தங்குவதற்கான மலேசியாவின் எம்எம்2எச் திட்டத்தில் வாங்கிய வீட்டைப் பத்து வருடம் விற்க முடியாது. துருக்கி வீட்டுக்குக் குடியுரிமையையே கொடுக்கிறது, ஆனால் மூன்று வருடம் விற்கக் கூடாது. அங்கே வீட்டின் குறைந்தபட்ச விலை எல்லையும் 10 லட்சம் டாலரில் தொடங்கி, 2018இல் 2.5 லட்சத்துக்கு இறங்கி, 2022இல் 4 லட்சத்துக்கு ஏறியது. உடம்புக்கு முடியாமல் போய்ப் பணம் அவசரமாகத் தேவைப்படும் குடும்பத்துக்கு இந்தப் பூட்டு எவ்வளவு பாரம் என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

அந்த நாட்டில் வாழத்தான் போகிறோம் என்று முடிவு செய்தவர்களுக்கு வீடு வாங்காத வழிகளும் இருக்கின்றன. போர்ச்சுகலின் டி7 விசாவுக்கு ஓய்வூதியமோ வாடகையோ நிலையான வருமானமாக இருந்தால் போதும், வாடகை வீட்டில் இருந்துகொண்டே விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவில் எத்தனை கோடிக்கு வீடு வாங்கினாலும் அதற்காக விசா கிடைக்காது. கனடாவில் வெளிநாட்டவர் வீடு வாங்குவதற்கும், ஆஸ்திரேலியாவில் அவர்கள் ஏற்கெனவே கட்டி முடித்த பழைய வீடு வாங்குவதற்கும் தற்காலிகத் தடையே கொண்டுவந்திருக்கிறார்கள். ஆகவே வீடுதான் எல்லாவற்றுக்கும் சாவி என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். ஒரு குளிர்காலமாவது வாடகைக்கு இருந்து பாருங்கள். கோடையில் பார்க்கும் தீவும் ஜனவரியில் கடைகள் பாதி அடைத்துக் கிடக்கும் தீவும் ஒன்றல்ல.

இதற்கு மேலும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், ஏஜென்ட் கைகாட்டும் வக்கீலை வைத்துக்கொள்ளாதீர்கள். நீங்களே தேடி, உங்கள் கைக்காசைக் கொடுத்து ஒருவரை அமர்த்துங்கள். வில்லங்கம் இருக்கிறதா, கட்டட அனுமதி சரியா, விசா மறுக்கப்பட்டால் முன்பணம் திரும்ப வரும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கூடவே, அதே கட்டடத்தில் உள்ளூர்க்காரர் ஒருவர் கடைசியாக என்ன விலைக்கு வாங்கினார் என்பதையும் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அந்தத் தொகை வந்து சேரும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.