முருங்கை அவரைக்கு சொந்தம் இல்லீங்க

நேத்து சாம்பாருக்கு முருங்கைக்காய் நறுக்கிட்டு இருக்கேன், எட்டாவது படிக்கிற பையன் வந்து "அப்பா இது அவரைக்காய் குடும்பம்தானே, மிஸ் சொன்னாங்க"ங்கறான். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்க. நீளமா இருக்கா, உள்ள விதை இருக்கா, அப்ப அவரைதான், முடிஞ்சுது கதை.

கொல்லைல மரத்தடில காஞ்ச நெத்து ஒண்ணு கிடந்துச்சு, எடுத்து அவன் கைல குடுத்து பிரிடான்னேன். மூணு பட்டையா பிளந்துச்சு. அவரை நெத்து ரெண்டாதான் பிளக்கும். விதையைப் பாத்தா அதுக்கும் காகிதம் மாதிரி மூணு இறக்கை. அப்புறம் பொரியலுக்கு வெச்சிருந்த பூவுல ஒண்ணு எடுத்துக் காட்டினேன், மகரந்தப் பை உள்ள கம்பி அஞ்சு, நடுநடுவுல தலையே இல்லாத மொட்டைக் கம்பி அஞ்சு. அவரைப் பூவுல பத்து கம்பி, ஒம்போது ஒட்டிக்கிட்டு ஒண்ணு மட்டும் தனியா நிக்கும், இது அதுவே இல்ல.

அவரைக் குடும்பத்துல 19 ஆயிரத்துக்கு மேல இனம் இருக்கு. முருங்கைக்கு மொரிங்கேசின்னு தனிக் குடும்பம், ஒரே பேரினம், மொத்தமே 13 இனம், அந்த மொரிங்காங்கற பேரே நம்ம முருங்கைலேர்ந்து போனதுதான். மடகாஸ்கர்ல இருக்கற பங்காளிங்க பீப்பாய் மாதிரி அடிமரம் பெருத்து தண்ணி சேத்து வெச்சிட்டு நிக்குது, நம்மூர்துதான் கை வெச்சா ஒடியுது (இதுல வேதாளம் எப்படித் தொங்குச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல).

நெருங்கின சொந்தம் யாருன்னு கேட்டா பப்பாளி! நம்ப மாட்டீங்க, பப்பாளி விதையை ஒண்ணு கடிங்க, முருங்கை வேரை லேசா கீறி மோந்து மட்டும் பாருங்க, ரெண்டுலயும் கடுகோட காரம் அடிக்கும், ஏன்னா கடுகும் முட்டைகோசும் இதே வரிசைலதான் (பல குடும்பம் சேந்த பெரிய கூட்டம்) வருது, அந்தக் காரச் சத்து இவங்க எல்லார்கிட்டயும் இருக்கு.

என் ஆதங்கம் என்னன்னா, ஸ்கூல்ல பூவைப் பிரிச்சுக் காட்டணும்னா எப்பப் பாரு செம்பருத்திதான். அதுவும் நல்ல பூதான், இல்லேங்கல. ஆனா பாதி வீட்டுக் கொல்லைல நிக்கற மரத்தை ஒரு தடவை பிரிச்சுக் காட்டாம குத்துமதிப்பா அவரைல சேத்துவிட்டா எப்படிங்க?

இப்ப பையன் சாம்பார்ல இருக்கற ஒவ்வொரு காயையும் மூணு மூணா கிழிச்சு தட்டோரமா அடுக்கிட்டு இருக்கான், வீட்டம்மா என்னைத்தான் திட்டறாங்க.