மார்க் போடுகிறவரிடம் மனதைத் திறக்கச் சொல்லாதீர்கள்

அந்தக் கல்லூரிச் சுற்றறிக்கையை எல்லோரும் பகிர்ந்துவிட்டீர்கள், அதனால் மறுபடி இங்கே ஒட்டவில்லை. மாணவர் மனநலம் காக்க ஒரு நாள் முகாமாம். வராதவர்களுக்கு அட்டெண்டன்ஸ் கட். அப்புறம் அந்தக் கடைசி வரி: மனச்சுமை உள்ள மாணவர்கள் தங்கள் வகுப்பு ஆலோசகரை அணுகலாம். அதற்குக் கைதட்டல் வேறு.

மனநல முகாமுக்கு வராவிட்டால் தண்டனை என்கிற நகைச்சுவையை விட்டுவிடுகிறேன். எனக்குக் கடுப்பேற்றியது கடைசி வரிதான். வகுப்பு ஆலோசகர் யார்? இன்டர்னல் மார்க் போடுகிற பேராசிரியர். புராஜெக்ட்டில் கையெழுத்துப் போடுகிறவர். லீவு தருவதும் மறுப்பதும் அவர்தான். அவரிடம் போய், "சார், ரெண்டு வாரமா காலையில எழுந்திரிக்கவே பிடிக்கல" என்று ஒரு பிள்ளை சொல்லுமா? உங்கள் மேலதிகாரியிடம் நீங்கள் சொல்வீர்களா?

நான் சொன்னேன். படிக்கிற காலத்தில் தூக்கம் போய், புத்தகத்தைத் திறந்தால் ஒரு வரிகூட மண்டையில் ஏறாமல் கிடந்தபோது, ஒரு பேராசிரியரிடம் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல மனிதர், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். மதியத்துக்குள் துறை அலுவலகம் வரை விஷயம் போயிருந்தது. சாயங்காலம் வீட்டிலிருந்து போன், அம்மாவின் அழுகை. அப்புறம் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அன்று, வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முன்னாலேயே ஒருவர், "இப்ப எல்லாம் சரியாயிடுச்சா?" என்று சிரித்தார். படிப்பு முடியும் வரை அதற்குப் பிறகு யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அந்தப் பேராசிரியர் அக்கறையில்தான் நாலு பேரிடம் சொன்னார். என் வாதமே அதுதான். அக்கறை மட்டும் போதாது. கேட்டதை வெளியே விடக் கூடாது என்று ஒருவரைக் கட்டிப்போடும் விதி வேண்டும். முறையாகப் பயின்ற மனநல ஆலோசகர்களுக்கு இது தொழிலின் அரிச்சுவடி. தான் மதிப்பிட வேண்டிய ஆளுக்கே ஆலோசகராகவும் இருக்கக் கூடாது என்று அவர்களுடைய நெறிமுறைகள் எச்சரிக்கின்றன. நாமோ இரண்டு வேலையையும் ஒரே ஆளின் தலையில் கட்டிவிட்டு, "பிள்ளைகள் வந்து பேசுவதே இல்லை" என்று வருத்தப்படுகிறோம்.

சரி, "நாலைந்து பேருக்காக இவ்வளவு செலவா?" என்பார்கள். நாலைந்து பேர் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் உலக மனநல ஆய்வுத் திட்டத்தின் கீழ், எட்டு நாடுகளில் 19 கல்லூரிகளின் முதலாண்டு மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. முந்தைய 12 மாதங்களில் ஏதாவது ஒரு மனநலச் சிக்கலின் அறிகுறி இருந்தவர்கள் 31 சதவீதம். கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர். கல்லூரி ஆலோசனை மையங்களுக்கு அங்கீகாரம் தரும் சர்வதேச அமைப்பு, 1,000 முதல் 1,500 மாணவர்களுக்கு முழுநேர ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறது. உங்கள் வளாகத்தில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். நுழைவாயிலுக்கு வளைவு கட்டப் பணம் இருக்கும்போது இதற்கு மட்டும் இருக்காது.

"தற்கொலை பற்றிப் பேச்செடுத்தால் அதுவே தூண்டிவிடும்" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். தூண்டாது. நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. இதோடு இதை விட்டுவிடுவோம்.

"பெற்றோருக்குத் தெரிய வேண்டாமா?" இந்தக் கேள்விதான் எனக்கு வலிக்கிறது, ஏனென்றால் கேட்பவர்கள் பலரும் நல்ல பெற்றோர். உயிருக்கு ஆபத்து என்றால் ஆலோசகர் ரகசியத்தை உடைக்கத்தான் வேண்டும், அந்த எல்லையை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடவும் வேண்டும். அதில் எனக்கு மறுப்பே இல்லை. மற்ற நேரங்களில், எதை எப்போது வீட்டில் சொல்வது என்று அந்தப் பிள்ளைதான் தீர்மானிக்க வேண்டும். ஓட்டுப் போடுகிற வயது வந்தவர்களுக்குத் தங்கள் துக்கத்தை யாரிடம் சொல்வது என்று தெரியாதா? வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்திலேயே முதல் படியை மிதிக்காமல் திரும்பிப் போகிறவர்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

உள்ளபடி சொன்னால், பல நிறுவனங்களுக்குப் பெற்றோர் மேல் இருக்கும் கரிசனம் அல்ல இது. பெயர் கெட்டுவிடக் கூடாது என்ற பயம். ஏதாவது நடந்துவிட்டால் உடனே அறிக்கை வரும், "குடும்பப் பிரச்சினை" என்று. விசாரணை தொடங்கும் முன்னமே இவர்களுக்குக் காரணம் தெரிந்துவிடும். அந்தப் பிள்ளை உயிரோடு இருந்தபோது மட்டும் ஒன்றும் தெரியாது. காய்ச்சலுக்கு மருத்துவச் சான்று கொடுத்தால் வாங்கிக்கொள்கிற அலுவலகம், மனச்சோர்வு என்று எழுதிய சான்றைப் பார்த்தால் மேலும் கீழும் பார்க்கிறதே, அதையும் குடும்பப் பிரச்சினையில் சேர்த்துவிடலாமா?

அப்புறம், "எங்க காலத்துல இதெல்லாம் இல்ல, இந்தக் காலப் பிள்ளைகளுக்குத் தாங்கும் சக்தி இல்ல" என்று எழுதிய அந்த அண்ணனுக்கு. உங்கள் காலத்திலும் இருந்தது அண்ணா. பாதியில் படிப்பை விட்டுவிட்டுப் போனவர்களை நீங்கள் "சோம்பேறி" என்று சொல்லிக் கடந்துவிட்டீர்கள், அவ்வளவுதான். நான் அன்று கதவைச் சாத்திவிட்டுப் பேசியதைக்கூட யாரோ ஒருவர் "கவனம் ஈர்க்கப் பண்றது" என்றுதான் சொல்லியிருந்தார். நேற்று நீங்களும் அதே வார்த்தைகளை எழுதியிருந்தீர்கள். உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்துதான் பதிவு இவ்வளவு நீண்டுவிட்டது.